பேச்சு நின்ற வீட்டில் பாட்டுப் பெட்டி!



எனக்கு வயது 62. சென்னை, அம்பத்தூரில் வசிக்கிறேன். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. மிக்சி ஓடாமல் போனால் கூட, 'அவர் வரட்டும்' என்று, ஊற வைத்த அரிசியோடு காத்திருந்தவள் நான். அப்படிப்பட்டவள், ஒரு பழைய ஸ்டீரியோ செட்டை விலைக்கு வாங்கி வந்து, எங்கள் சின்ன படுக்கையறையில் என் கையாலேயே இணைத்து, பாட வைத்த கதையைத் தான் எழுதுகிறேன். 'இது ஒரு பெரிய விஷயமா?' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்களுக்குத் திருமணம் நடந்தது, 1985ல். என் கணவர், ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்தார். குடி, சீட்டாட்டம், சிகரெட் எதுவும் கிடையாது. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம், பாட்டு. 1989ல், போனசும் சீட்டுப் பணமும் ஒன்றாகக் கைக்கு வந்ததும், ஒரு ஸ்டீரியோ செட் வாங்கி வந்தார். ஆம்ப்ளிபயர், கேசட் டெக், இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். வீட்டுக்கு மருமகள் வந்தது போல, குங்குமப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டித் தான் சுவிட்ச் போட்டார்.

அந்தக் காலத்தில், பிடித்த பாடல்களை ஒரு தாளில் எழுதி, காலி கேசட்டோடு ரெக்கார்டிங் கடையில் கொடுத்தால், நாலைந்து நாளில் பதிந்து கொடுப்பார்கள். அப்படிச் சேர்த்த கேசட்டுகள், 84. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, அட்டையில் முத்து முத்தான கையெழுத்தில், பாட்டு வரிசை எழுதி வைப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும், '1978ல வந்த, ப்ரியா படப் பாட்டு தான் தமிழ்ல முதன் முதலா ஸ்டீரியோவுல பதிவானது. கேளுங்க, ஒரு பெட்டியில ஒரு வாத்தியம், இன்னொரு பெட்டியில இன்னொண்ணு...' என்று பாடமே நடத்துவார்.

ஆனால், எனக்கும் பிள்ளைகளுக்கும் அந்த செட் பக்கம் போக உரிமை கிடையாது. 'தொடாதே, ஒயர் புடுங்கிக்கும்' என்பார். தூசி தட்டுவது கூட, அவர் தான். பழைய பனியன் துணியால்.

செட் மட்டும் இல்லை. கரன்ட் பில், காஸ் புக், எல்.ஐ.சி., தவணை, பாங்க் பாஸ்புக், எல்லாமே அவர் பொறுப்பு. எனக்கும் அது வசதியாகத் தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. 'எல்லாத்தையும் அவரே பார்த்துப்பார்' என்று, உறவுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக் கொண்டிருந்தேன்.

கடந்த, 2011ல் ஒரு படுக்கையறை கொண்ட சொந்த பிளாட்டுக்கு வந்தோம். முன்பணத்துக்கும் தட்டுப்பாடு, வீட்டிலும் இடமில்லை. 'போதும்ப்பா, வித்துடுங்க' என்று பிள்ளைகள் சொல்ல, செட்டை, 3,000 ரூபாய்க்குக் கொடுத்து விட்டார். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. கேசட்டுகளை மட்டும் கொடுக்காமல், டிரங்குப் பெட்டியில் அடுக்கி, பரணில் ஏற்றி விட்டார்.

பெண் கல்யாணமாகி கோவையிலும், பையன் வேலை கிடைத்து பெங்களூரிலும் இருக்கின்றனர். நாங்கள் இருவர் மட்டும் தான்.

கடந்த, 2022ல் ஒரு நாள் காலை, ஏழு மணி இருக்கும். காபி குடித்துக் கொண்டிருந்தவரின் கையில் இருந்து டம்ளர் நழுவியது. வாய் ஒரு பக்கம் இழுத்துக் கொண்டது. ஏதோ சொன்னார், ஒன்றும் புரியவில்லை. பித்தம் தான் தலைக்கு ஏறி விட்டது என்று நினைத்து, எலுமிச்சை சாறு கொடுத்துப் படுக்க வைத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்த்த போது, மதியம் ஒன்றரை மணி. 'ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை, நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டிருக்கணும்மா' என்றார், டாக்டர்.

சகோதரிகளே, நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். வாய் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ, மணியைப் பார்த்து வைத்துக் கொண்டு, உடனே, 108க்குப் போன் போடுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாமல் புரை ஏறி விடும்.

மூளையின் இடது பக்கம் பாதிப்பு. அதனால், வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போனது. நாம் பேசுவது புரிகிறது. பதில் தான் வரவில்லை. அவர் வாயில் வந்தது ஒரே ஒரு வார்த்தை, 'இல்ல!'

'காபி வேணுமாங்க?' என்றால், 'இல்ல' என்பார். டம்ளரை எடுத்துக் கொண்டு திரும்பினால், கண்ணில் தண்ணீர் நிற்கும். வேண்டும் என்பதற்கும், 'இல்ல' தான். வலிக்கிறது என்பதற்கும், 'இல்ல' தான்.

அப்போது தான், நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று எனக்கே புரிந்தது. எல்.ஐ.சி., பத்திரம் எங்கே, வீட்டு வரி ரசீது எங்கே, பாங்க் லாக்கர் சாவி எங்கே? ஒன்றும் தெரியாது. பீரோவைத் தலைகீழாகக் கொட்டித் தேடுவேன். அவரைக் கேட்டால், இடது கையால் நெற்றியில் அடித்துக் கொள்வார். தெரிந்தும் சொல்ல முடியாத அவர் ஒரு பக்கம். கேட்டு வைத்துக் கொள்ளாத நான் ஒரு பக்கம்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், என் மகள் வயது தான் இருப்பாள். ஒரு நாள், 'அய்யாவுக்குப் பாட்டு பிடிக்குமாம்மா?' என்று கேட்டாள். பேச்சுக்கு மூளையின் இடது பக்கம் முக்கியமாம். ராகத்தை உணர்வதில் வலது பக்கத்துக்கும் பெரிய பங்கு உண்டாம். அதனால், பேச முடியாத சிலருக்குப் பாட்டாக வார்த்தை வருமாம். 1973லேயே அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இதை வைத்து ஒரு பயிற்சி முறையை உருவாக்கி இருக்கின்றனர் என்றும், 'எல்லாருக்கும் பலிக்கும்ன்னு சொல்ல முடியாது. முயற்சி பண்ணலாம்மா' என்றும் சொன்னாள்.

உடனே, மொபைல் போனில் பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன். சில வினாடி கேட்டவர், முகத்தைச் சுளித்து, சுவர் பக்கம் திரும்பிக் கொண்டார். பின், இடது கையைத் தூக்கி, பரணைக் காட்டினார். கேசட் பெட்டி!

பையனிடம் சொன்னேன். 'அம்மா, இப்ப யாரும்மா கேசட் கேக்கறா? புளூடூத் ஸ்பீக்கர் ஒண்ணு ஆர்டர் போடறேன்' என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. ஆனால், அவர் கேட்டது பாட்டை மட்டும் இல்லை என்று என் மனசுக்குப் பட்டது.

பக்கத்து வீட்டு அம்மாவை அவரோடு உட்கார வைத்துவிட்டு, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குத் தனியாகப் போனேன். எலெக்ட்ரானிக் சாமான்களுக்குப் பேர் போன இடம். நாலு கடை ஏறி இறங்கி, ஒரு பழைய செட்டைப் பிடித்தேன். ஆம்ப்ளிபயர், டெக், இரண்டு பெட்டி. 8,500 ரூபாய் சொன்னதை, பேரம் பேசி, 6,500க்கு முடித்தேன். 'கண்டிஷன் சூப்பர்மா' என்று, போனை ஒயரில் இணைத்துப் பாட்டுப் போட்டுக் காட்டினார், கடைக்காரர். பாடியது. சந்தோஷமாக ஆட்டோவில் ஏற்றி வந்தேன்.

வீட்டில் வந்து கேசட்டைப் போட்டால், டெக் சுற்றவே இல்லை. கடையில் அதை ஓட்டிப் பார்க்காமல் வந்தது, என் புத்தி.

எங்கள் தெருமுனையில், மிக்சி, பேன் ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர் இருக்கிறார். எழுபது வயது இருக்கும். டெக்கைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்த ரப்பர் பெல்ட், உருகி, தார் மாதிரி ஒட்டிக் கிடந்தது. சுத்தமாகத் துடைத்து, புது பெல்ட் போட்டு, 450 ரூபாய் வாங்கிக் கொண்டார். 'இதுவும் வயசான மனுஷங்க மாதிரி தான் தங்கச்சி. சும்மா படுக்கப் போட்டா தான் கெடும். தெனம் கொஞ்ச நேரம் ஓட்டு' என்றார். அவர் டெக்கைத் தான் சொன்னார். எனக்கு வீட்டில் படுத்திருப்பவர் ஞாபகம் வந்தது.

எங்கள் படுக்கையறை, 10க்கு 9 அடி. கட்டில், ஸ்டீல் பீரோ, மருந்து மேஜை, அவருக்கான கமோடு நாற்காலி. இவ்வளவு போக மீதி, நான் திரும்பி நிற்கும் இடம் தான்.

முதலில், பெட்டிகளைப் பீரோ மேல் வைத்தேன். சத்தம் வந்ததும், பீரோ கதவு, 'கடகட'வென்று ஆடி, உள்ளே ஹேங்கர் எல்லாம் தாளம் போட்டது. கீழே இறக்கி, இரண்டு மூலையிலும் தரையில் வைத்தேன். குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல, 'கும்'மென்று கேட்டது. கடைசியில், கட்டிலின் கால்மாட்டுப் பக்கம், ஒரே உயரத்தில் இரண்டு மர ஸ்டூல் போட்டு, அதன் மேல் வைத்தேன். மூலையை விட்டுத் தள்ளி, சுவரில் இருந்தும் அரை அடி நகர்த்தினேன். அவர் சாய்ந்து உட்கார்ந்தால், காது உயரத்துக்குப் பெட்டி வந்தது. அடியில், பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்ததும், அதிர்வு அடங்கியது.

ஒயரைப் பூட்டினேன். ஆம்ப்ளிபயரின் பின்னால், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு. கை நடுங்கியது. 'தொடாதே, ஒயர் புடுங்கிக்கும்' என்ற குரல், காதிலேயே இருந்தது. சொன்னவரோ, கட்டிலில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக் கொண்டிருந்தார்.

சுவிட்ச் போட்டேன். பாடியது! எனக்குத் தலைகால் புரியவில்லை. 'என்னங்க, பாடுதுங்க!' என்று கத்தினேன்.

அவர், 'இல்ல' என்றார்.

எப்போதும் சொல்வது தானே என்று நான் சிரித்தேன். மறுபடியும், 'இல்ல... இல்ல' என்றார். இடது கையைத் தூக்கி, வலது பக்கப் பெட்டியைக் காட்டினார். பின், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும், ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னிக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. விடாமல், திரும்பத் திரும்பக் காட்டினார்.

'ஒயரை மாத்திப் போடணுமா?'

தலையை ஆட்டினார்.

சுவிட்சை அணைத்து, அந்தப் பெட்டியில் பார்த்தேன். அவசரத்தில், சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் பூட்டி இருக்கிறேன்! சரி செய்து, மறுபடி போட்டேன்.

அதுவரை பக்கத்து வீட்டில் பாடுவது போல, அடிநாதம் இல்லாமல் பரந்து கிடந்த பாட்டு, ஒன்றாகச் சேர்ந்து கொண்டது. மிருதங்கம், 'திம்'மென்று வயிற்றில் இறங்கியது. பாடுகிறவர் குரல், இரண்டு பெட்டிக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில் இருந்து வந்தது. அங்கே ஒரு ஆள் நின்று பாடுவது போல!

அவர் கண்ணை மூடிக் கொண்டார். இடது கை, போர்வை மேல் தாளம் போட ஆரம்பித்தது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். பாட்டுக்காக இல்லை. வியாதி வந்த பின், அவர் சொன்ன, 'இல்ல'வுக்கு, முதன் முறையாக, 'இல்ல' என்றே அர்த்தம் இருந்தது. தொடவே விடாதவர், பேச்சு இல்லாமலே எனக்குச் சொல்லிக் கொடுத்து விட்டார்.

பிறகு பாயிடம் கேட்ட போது விளக்கினார்... இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றாக முன்னே வந்து, ஒன்றாகப் பின்னே போக வேண்டுமாம். ஒன்றில் ஒயர் மாறினால், இது தள்ளும் போது அது இழுக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக் கொண்டு, அடிநாதம் காணாமல் போய்விடுமாம். புருஷன், பெண்டாட்டி கதை தான்!

அடுத்த நாள், கேசட்டுகளை வெயில் படாமல் பரப்பித் துடைத்தேன். பூஞ்சை பிடித்தவற்றைத் தனியே ஒதுக்கினேன். 23ம் நம்பர் கேசட்டின் அட்டையில், பாட்டு வரிசைக்கு மேலே, 'அவளுக்குப் பிடித்தது' என்று எழுதி இருந்தார். கல்யாணமான புதிதில், ராத்திரி பேசிக் கொண்டிருந்த போது, நான் ஏதோ ஞாபகத்தில் சொன்ன பாடல்கள். அவர் காதில் வாங்கியதாகக் கூட நான் நினைக்கவில்லை. தொடக் கூடாது என்பதால், இத்தனை வருஷமும் அந்த அட்டையை நான் படித்ததே இல்லை.

அதைப் போட்டேன். மூன்றாவது பாட்டில், அவர் தொண்டையில் இருந்து முனகல் போல ஒரு ராகம் வந்தது. நாலைந்து நாள் கழித்து, சரணம் முடிகிற இடத்தில், ஒரு வார்த்தை, தெளிவாக! நான் ஓடிப் போய் பையனுக்குப் போன் செய்தேன்.

இதைப் பெரிய அதிசயமாக எழுத எனக்கு விருப்பமில்லை. அவர் இன்னும் சரளமாகப் பேசுவதில்லை. ஆனால், அந்தப் பயிற்சிப் பெண் சொல்லிக் கொடுத்தபடி, இடது கையால் தாளம் தட்ட வைத்து, 'தண்ணி வே...ணும்' என்று ஏற்ற இறக்கத்தோடு இழுத்துச் சொல்ல வைக்கிறேன். இப்போது, தண்ணி, காபி, வலி, போதும், வா என, பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள் வருகின்றன. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பாட்டு. அந்த நேரத்தில், அவர் முகத்தில் பழைய மனுஷர் தெரிகிறார்.

இன்னொன்று... ஒயரை மாற்றிய அன்றைக்கு எனக்கு வந்த தைரியத்தில், ஒரு நோட்டு போட்டேன். ஒவ்வொரு பத்திரமாக எடுத்து அவரிடம் காட்டுவேன். அவர் தலையாட்ட, கையைக் காட்ட, நான் எழுதிக் கொள்வேன். லாக்கர் சாவி, அவர் பழைய ஷேவிங் டப்பாவில் இருந்தது. இப்போது கரன்ட் பில், வீட்டு வரி எல்லாம் நானே கட்டுகிறேன். சென்ற மாதம், மிக்சி பிளக்கை நானே கழற்றி மாட்டினேன்.

பழைய செட் வாங்க நினைக்கும் சகோதரிகளுக்கு, நான் பட்டுத் தெரிந்து கொண்ட சில விஷயங்கள்:

* கடைக்குப் போகும் போது, உங்கள் கேசட் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். இரண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். 'பேலன்ஸ்' திருகை இடமும் வலமும் திருப்பி, இரண்டு பெட்டியும் தனித் தனியே பாடுகிறதா என்று கேளுங்கள்.

* ஸ்பீக்கரின் விளிம்பில் இருக்கும் ஸ்பாஞ்ச் வளையத்தை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால், வேண்டாம்.

* செட்டின் பின்னால், எத்தனை வோல்ட் என்று எழுதி இருக்கும். நம் வீட்டு மின்சாரம், 230. ஜப்பானில் விற்பதற்காகச் செய்தவை, 100 வோல்ட். அமெரிக்காவுக்குச் செய்தவை, 120 வோல்ட். அப்படியே சொருகினால் புகைந்து விடும்.

* ஒயர் பூட்டும் போது, சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவி விடுங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒயரின் செம்புப் பிசிறு ஒன்றோடு ஒன்று தொட்டால், ஆம்ப்ளிபயர் போய்விடும்.

* 'ங்ஙொய்' என்று இரைந்தால், கரன்ட் ஒயரையும் பாட்டு ஒயரையும் ஒன்றாகச் சுருட்டி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பிரித்துப் போட்டதும், எங்கள் வீட்டில் பெருமளவு குறைந்தது. எர்த் உள்ள மூன்று பின் பிளக்கில் தான் சொருக வேண்டும்.

* சத்தம் கூட்டும் திருகு, 'கரகர'த்தால், செட்டை அணைத்து விட்டு, இருபது, முப்பது தடவை முழுக்கத் திருப்பினால், பல சமயம் சரியாகிவிடும்.

* டெக்கின் ஹெட்டை, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, காய்ந்த பின் கேசட் போடுங்கள். பாட்டு பளிச்சென்று இருக்கும்.

* ரொம்ப நாள் கிடந்த கேசட்டை, முதலில் ஒரு முறை முழுக்க ஓட்டி, திருப்பிச் சுற்றிய பின் கேளுங்கள். ஸ்பீக்கர் பெட்டி மேல் கேசட்டை அடுக்காதீர்கள். உள்ளே காந்தம் இருக்கிறது.

* ஆம்ப்ளிபயர் மூடியை நாமாகத் திறக்கக் கூடாது. பிளக்கை உருவிய பின்னும், உள்ளே மின்சாரம் தங்கி இருக்கும். அது, தெரிந்தவர்கள் வேலை.

* சின்ன அறைக்குச் சத்தம் கொஞ்சமே போதும். மெத்தை, திரை, மடித்து வைத்த புடவைகள் எல்லாம் எதிரொலியைக் குறைத்து விடும்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டிலும், 'அதெல்லாம் அவர் பார்த்துப்பார்' என்று விட்டு வைத்தது ஏதாவது இருக்கும். அது பாட்டுப் பெட்டியாக இருக்கலாம், பாங்க் பாஸ்புக்காக இருக்கலாம், மோட்டார் சுவிட்சாகக் கூட இருக்கலாம். இன்று ராத்திரி, சாப்பாடு முடிந்ததும், பக்கத்தில் உட்கார்ந்து, 'இது எப்படிங்க, எனக்கும் சொல்லிக் கொடுங்க' என்று கேளுங்கள். 'உனக்கு எதுக்கு?' என்று அலுத்துக் கொண்டாலும் விடாதீர்கள்.

அவர் வாய் திறந்து சொல்ல முடிகிற போதே, கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். எனக்கு, விரலைப் பின்னிக் காட்டித் தான் சொல்ல வேண்டி இருந்தது.

— ஒரு வாசகி, அம்பத்தூர்.